பதினைந்து ஆண்டு அவகாசம் தரும் நோய்

சேமிப்பு, கடன், காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் பெரும்பாலும் எழுதிவருகிறோம். இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறோம். நம் வாடிக்கையாளர் குடும்பங்களிலுள்ள பெண்கள் அனைவரும் அதனை அறிந்திருக்க வேண்டும். குடும்பத்து ஆண்களும் அறிந்திருந்தால்தான் பெண்கள் பயன்பெறுவார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயே அது.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கு உண்டு. ஆண்டுதோறும் நம் நாட்டில் 1,20,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றுகிறது; 75,000-க்கும் மேற்பட்டோர் இதனால் இறக்கின்றனர். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் நடுவயதினர். பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் ஒருபுறம், முதிய பெற்றோரின் பராமரிப்பு மறுபுறம் என்று குடும்பம் முழுவதும் ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்திருக்கும் பருவம் அது.

இவ்வெண்ணிக்கையைவிட நம்மை அதிகம் உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. பல புற்றுநோய்கள் ஏன் வருகின்றன என்று திட்டவட்டமாகச் சொல்ல இயலாது. இந்நோய்க்கோ காரணம் தெரியும். அக்காரணத்தைத் தடுக்கும் ஊசி இருக்கிறது. நோயாக மாறுவதற்கு முன்பே அடையாளம் காட்டும் சோதனை இருக்கிறது. அந்நிலையிலேயே அதனை நீக்கும் எளிய சிகிச்சையும் இருக்கிறது. தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து அது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நீண்ட சலுகைக் காலத்தை எந்த வங்கியும் தந்ததில்லை!

அந்த அவகாசத்தை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினர் மட்டுமே. மாநிலங்களில் முன்னணியிலுள்ள தமிழ்நாட்டிலும் இது 9.8 விழுக்காடுதான்.

காரணி எது?

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகிப் பிறப்புறுப்புக் குழாயினுள் திறக்கும் இடத்தைக் கருப்பைவாய் என்கிறோம். அங்கே இருவகை உயிரணுக்கள் சந்திக்கும் வளையம் போன்ற ஒரு பகுதி உண்டு. பூப்பெய்திய காலந்தொட்டு இப்பகுதியிலுள்ள உயிரணுக்கள் ஒருவகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறிக்கொண்டே இருக்கும். இந்நோய் பெரும்பாலும் தொடங்குவது அவ்வளையத்தில்தான்.

தொடக்கிவைப்பது மனித பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக எச்.பி.வி. என்பர். 1970-களில் ஆய்வாளர்கள் பலரும் வேறொரு வைரஸின் மீது ஐயங்கொண்டிருந்த வேளையில், ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசன் எச்.பி.வி.தான் காரணமென்று விடாது வாதிட்டார். 1983-84-ஆம் ஆண்டுகளில் கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களில் இவ்வைரஸின் 16, 18 என்னும் இரு வகைகளை அவரது குழுவினர் கண்டறிந்தனர். அதற்காக அவருக்கு 2008-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இவ்வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. புற்றுநோயை உண்டாக்கவல்லவை ஏறத்தாழ பதினான்கு. உலகில் காணப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய அவ்விரு வகைகளே பொறுப்பு.

உடலுறவின்வழி தோலோடு தோல் உரசுவதால் இவ்வைரஸ் பரவுகிறது. இதனைச் சொன்னவுடன் பல குடும்பங்களில் பேச்சு நின்றுவிடுகிறது. நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய கிசுகிசுப்பும் எழுகிறது. எனவே இதனைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். எச்.பி.வி. மிகமிகப் பரவலான தொற்று. தாம்பத்திய வாழ்வில் நுழைந்த ஆண், பெண் ஆகியோரில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கட்டத்தில் இதனைப் பெற்றுவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் கணவர் ஒருவரையே அறிந்த பெண்ணுக்கும் இது வரலாம். அவர்களுள் யாருக்கும் அப்போது எந்த அறிகுறியும் தெரியாது. சளி, காய்ச்சலைப் போலவே உடலின் எதிர்ப்பாற்றல் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இரண்டாண்டுகளுக்குள் இத்தொற்றை அகற்றிவிடுகிறது. அகலாமல் தங்கிவிடும் சிலரிடமே ஆண்டுக்கணக்கில் மெல்லமெல்ல மாற்றம் நிகழ்கிறது. ஒருவருக்கு இந்நோய் வந்ததைக் கொண்டு அவரைப் பற்றியோ அவர் கணவரைப் பற்றியோ எதையும் தீர்மானிக்க முடியாது.

மிக இளம்வயதில் மணம், பல பேறுகள், புகைப்பழக்கம் ஆகியன ஆபத்தைக் கூட்டுகின்றன. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. அவர்களிடத்தில் நோய் முற்றும் காலமும் குறுகிவிடுவதால், 25 வயது முதலே அடிக்கடி சோதனை செய்துகொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

ஒரே ஊசியின் வரலாறு

எச்.பி.வி. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸோ அதன் மரபுப்பொருளோ இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கி வெறும் கூடு போல அடுக்கியிருப்பார்கள். உடல் அக்கூட்டைக் கண்டு எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே உடலில் தங்கிவிட்ட தொற்றை இவ்வூசி விரட்டுவதில்லை. ஆகவேதான் தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது என்கின்றனர். 'இந்த வயதுக் குழந்தைக்கு இது எதற்கு?' என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவே விடை.

நம் நாட்டில் 2008 முதல் இத்தடுப்பூசி கிடைத்துவந்தபோதும், அதன் பாதை கரடுமுரடாகவே இருந்தது. 2009-இல் இரு மாநிலங்களில் நடைபெற்ற ஒரு செயல்விளக்கத் திட்டத்தில் ஊசி பெற்ற சிறுமியர் சிலர் இறந்த செய்தி பரவியது. அவ்விறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. ஆயினும் பெற்றோரிடம் ஒப்புதல் பெற்ற முறையில் குறைபாடுகள் இருந்தன. அக்குறைபாடுகள் சிறியவை அல்ல. மக்களின் நம்பிக்கையைக் குலைத்ததில் அவற்றுக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து. 2010 ஏப்ரலில் இது தொடர்பான ஆய்வுகளில் ஊசி போடுவதை அரசு நிறுத்திவைத்தது.

அப்போது நாட்டில் வேறோர் ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மும்பை, புனே, ஹைதராபாத், அகமதாபாத், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உள்ளிட்ட பல இடங்களில், சிறுமியருக்கு மூன்று ஊசி தேவையா, இரண்டு போதுமா என்று அறிய முனைந்திருந்தது. அந்த ஆய்வும் பாதியில் நின்றது. ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே ஓர் ஊசியோடு விடப்பட்டனர். ஆய்வு கெட்டுவிட்டதென்று கைவிடாமல், அவர்களையும் ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்துவந்தனர் ஆய்வாளர்கள். பத்தாண்டுகள் கழிந்து, 2021-இல் முடிவுகள் வெளியாயின. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில், ஓர் ஊசி பெற்றவர்களுக்கு 95 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. இரண்டும் மூன்றும் பெற்றவர்களுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதுவே. பிற நாட்டு ஆய்வுகளும் இதனை உறுதிசெய்ய, 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசியும் போதுமென்று அறிவித்தது. உலகின் ஏழை நாடுகள் பலவற்றில் தடுப்பூசித் திட்டத்தின் செலவைக் குறைத்த அந்த முடிவுக்கு, பாதியில் நின்றுபோன ஓர் இந்திய ஆய்வு பெருந்துணை புரிந்தது.

மருந்துப் பெட்டியிலுள்ள குறிப்பில் 9 முதல் 14 வயது வரை இரண்டு ஊசி, 15 வயதுக்கு மேல் மூன்று ஊசி என்று இருக்கக் காண்பீர்கள். தனியார் மருத்துவர்கள் அதனைப் பின்பற்றுவது உண்டு. உங்கள் மகளுக்கு எத்தனை என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும். ஓர் ஊசி போட்டு அடுத்ததை மறந்துவிட்டால் எல்லாம் வீணாயிற்று என்று கருத வேண்டியதில்லை. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் 'செர்வாவாக்' என்னும் உள்நாட்டுத் தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. 2018-இலேயே சிக்கிம் மாநிலம் பள்ளிகள் வழியாக 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு ஊசி போட்டு, அவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. அரசு வழங்கும் ஊசி உங்கள் பகுதியில் எந்த வயதினருக்கு, எப்போது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

போட்ட இடத்தில் வலி, இலேசான காய்ச்சல், பதற்றத்தால் மயக்கம் ஆகியன நேரலாம். ஆதலால் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து அனுப்புவர். மலட்டுத்தன்மை உண்டாகும் என்பது வெறும் வதந்தி. பலன் எத்தகையது என்பதற்கு ஸ்காட்லாந்து சான்று. அங்கே 1988 முதல் 1996 வரை பிறந்து, 12 அல்லது 13 வயதில் ஊசி பெற்ற பெண்களில் ஒருவருக்குக்கூட இப்புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு

நம் வாசகியரில் பெரும்பாலோர் தடுப்பூசிக்குரிய வயதைக் கடந்திருப்பீர்கள். உங்களுக்குரியது பரிசோதனை. மூன்று வகைச் சோதனைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது வி.ஐ.ஏ. எனப்படும் நேரடிப் பார்வைச் சோதனை. வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த இடம் இருந்தால் அது வெண்மையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டியதில்லை, முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். மிகச் சாதாரணமாகத் தோன்றும் இச்சோதனையின் ஆற்றலை திண்டுக்கல் மாவட்டத்து ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் ஒருமுறை இச்சோதனை செய்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளித்தனர். ஏழாண்டுகளில் அக்கிராமங்களில் இப்புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் ஏனைய கிராமங்களைவிடக் குறைந்திருந்தன. இம்முடிவு 2007-இல் வெளியாயிற்று. மாதவிடாய் நின்றபின் மேற்கூறிய வளையப் பகுதி உட்புறமாக நகர்ந்துவிடுவதால், மூத்த பெண்களுக்கு இச்சோதனை அவ்வளவாகப் பயன்படாது.

இரண்டாவது, பலரும் பெயரளவில் அறிந்த பாப் ஸ்மியர். சிறு தூரிகையால் உயிரணுக்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்பவரின் பெயரால் வழங்குகிறது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்வது வழக்கம்.

மூன்றாவது, வைரஸ் இருக்கிறதா என்றே நேரடியாகக் காட்டும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதன்மையாகப் பரிந்துரைப்பது இதனையே. இதன் வலிமையை உலகுக்குக் காட்டியதும் ஓர் இந்திய மாவட்டம்தான். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராஷிவ்) மாவட்டத்தில் 1,30,000 பெண்களை நான்கு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. எச்.பி.வி. சோதனைக்குரிய பிரிவில் இருந்தோர் ஏறத்தாழ 34,000 பேர்; எட்டாண்டுகளில் அவர்களுள் இந்நோயால் இறந்தோர் 34 பேர். சோதனைத் திட்டம் ஏதுமற்ற பிரிவில் இருந்தோர் சுமார் 31,000 பேர். இறந்தோர் 64 பேர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்த சோதனையின் விளைவு இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். இச்சோதனையில் தொற்றில்லை என்று வந்தால் அடுத்த சோதனைக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை காத்திருக்கலாம். மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துக்கொடுக்கும் வசதியும் இதற்கு உண்டு. கூச்சத்தால் தள்ளிப்போடுவோருக்கு இது பெரிய வரம்.

எந்தச் சோதனை சிறந்தது என்ற ஆராய்ச்சியில் காலங்கழிக்காமல், அருகில் எது கிடைக்கிறதோ அதனைச் செய்துகொள்வதே நன்று. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. சோதனை என்பது நடுவண் அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை. அரசு மையங்களில் இதற்குக் கட்டணமில்லை.

தயங்குவது ஏன்?

'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்பது முதல் தயக்கம். ஒன்றும் இல்லாதபோதே செய்ய வேண்டிய சோதனை இது. அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தால் அவகாசத்தின் பெரும்பகுதி செலவாகிவிட்டது என்று பொருள். 'குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டேன்' என்பது இன்னொன்று. அதில் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. கருப்பைவாய் அப்படியே இருக்கிறது. கருப்பையையே அகற்றிக்கொண்டவர்கள், கருப்பைவாயும் சேர்த்து அகற்றப்பட்டதா, எக்காரணத்துக்காக அகற்றப்பட்டது என்பதை மருத்துவமனைக் குறிப்பைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் முப்பது வயதுக்குப் பின் சோதனை உண்டு. எல்லா வகை எச்.பி.வி.யையும் ஊசி தடுப்பதில்லை.

முடிவு என்னவாகுமோ என்ற அச்சமே எல்லாவற்றிலும் பெரியது. சோதனையில் மாறுபாடு தெரிந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலும் கால்போஸ்கோப்பி என்னும் உருப்பெருக்கிக் கருவியால் மீண்டும் பார்த்து, தேவையெனில் சிறு சதைத்துணுக்கு எடுத்து ஆராய்வர். முன்னிலை மாற்றம் உறுதியானால் அவ்விடத்தை உறையவைத்தோ சூடேற்றியோ அழிப்பர், அல்லது மின்கம்பி வளையத்தால் நீக்குவர். பலரும் அன்றே வீடு திரும்பிவிடுகின்றனர். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. முற்றிய நோய்க்கோ பெரிய அறுவை, வாரக்கணக்கில் கதிர்வீச்சு, கூடவே வேதிமருந்து என்று மாதங்கள் கழியும். ஒரு பிற்பகல் சிகிச்சைக்கும் அதற்குமுள்ள வேறுபாட்டை உடலும் அறியும், குடும்பத்தின் சேமிப்பும் அறியும்.

உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவு, இரு மாதவிடாய்களுக்கு இடையே கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தீராத இடுப்புவலி ஆகியவை தோன்றினால் முகாமுக்காகக் காத்திராமல் உடனே மகப்பேறு மருத்துவரைக் காண வேண்டும். மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி பட்டாலும் அப்படியே. 'உடம்புச் சூடு' என்று வீட்டுவைத்தியத்தில் மாதங்களைக் கழித்துவிடுகிறோம். இந்நோயில் அதற்கான விலை அதிகம்.

செலவும் துணையும்

நோய்த் தடுப்புப் பரிசோதனைக்கான செலவில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்குரிய மொத்த வரம்புக்குள், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தோர் வருமான வரிக்கழிவு பெறலாம். காப்பீட்டுத் தவணையைப் போலன்றி, இதனை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் கழிவு உண்டு. மனைவி, பெற்றோர் ஆகியோருக்கான சோதனையும் இதில் அடங்கும். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு.

தனியே செல்லத் தயங்குவோருக்கு நாம் கூறும் வழி, மகளிர் சுய உதவிக் குழு. கடனுக்கும் சேமிப்புக்கும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் பெண்கள், இதற்கும் சேர்ந்தே போகலாம். மாதக் கூட்டத்தில் முப்பது வயதைக் கடந்த உறுப்பினர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பகுதியின் ஆஷா பணியாளரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்டு ஒரு நாளை முடிவுசெய்யுங்கள். பெண் செவிலியரே சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் சோதனை செய்ய இயலாது என்பதால், அந்நாளில் வரமுடியாதவர்களுக்காக இன்னொரு நாளையும் குறித்துவைப்பது நல்லது. சோதனைக்கு இரு நாட்கள் முன்பிருந்து உடலுறவையும், உறுப்பினுள் வைக்கும் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். ஸ்பெகுலம் என்னும் கருவியை நுழைத்துப் பார்க்கையில் சற்றே அசௌகரியமாக இருக்கும். உடலைத் தளர்த்தி, மூச்சை மெல்ல விட்டால் அது குறையும். ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். முடிவுச் சீட்டைக் கேட்டு வாங்கி, வங்கிக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் உறையிலேயே வைத்து, அடுத்த சோதனைக்குரிய ஆண்டை அதன்மேல் எழுதிக்கொள்ளுங்கள்.